பதினேழாம் எண் ஆதாரம்

பூச்சியின் கணவன் பதினேழாம் எண் ஆன கதையை வரிசை பிசகாமல் சொல்லிவிடுவதுதான் நல்லது. வரிசை பிசகினால் என்ன ஆகும் என்பது போகப் போகத் தெரியும்.

பூச்சி என்பது அவளுக்கு விடுதித் தோழிகள் வைத்த பெயர். பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக ஆய்வாளர் வேலை. வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் அவளுக்கு ஒரு கட்டிலும் ஓர் அலமாரியில் பாதியும் சொந்தம். கல்யாணமாகி மூன்று வருடம். கணவன் லிஃப்ட் மெக்கானிக். ரயிலில் ஒன்பது மணி நேரம் தள்ளி இன்னொரு ஊரில், கம்பெனி போட்டுக்கொடுத்த தகரக் கொட்டகையில், ஆறு பேரோடு ஏழாவது ஆளாக இருந்தான்.

லீவு கிடைத்தால் வருவான். விடுதி விதிப்படி கணவன்மார்கள் பார்வையாளர் கூடத்தில் மாலை ஏழு மணி வரை உட்காரலாம். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று வார்டன் தரையில் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டு வைத்திருந்தாள். மூன்று வருட இல்லறத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து அதிகம் பார்த்தது அந்தக் கோட்டைத்தான்.

இதற்கு ஒரே மருந்து நிலையத்தின் குவார்ட்டர்ஸ். இரண்டு அறை, சமையலறை, தனிக் குழாய். நிரந்தர வேலைக்காரர்களுக்கு மட்டும். நிரந்தரமாக வேண்டுமானால் வருடம் முடிவதற்குள் ஒரு கட்டுரை ஆய்விதழில் வந்திருக்க வேண்டும். வருடம் முடிய மூன்று மாதம் இருந்தது.

பூச்சியிடம் கட்டுரை இருந்தது. நான்கே பக்கம். பெரிய கட்டடங்களின் லிஃப்ட் குழிகளில் வாழும் கரப்பான்பூச்சிகள், லிஃப்ட் ஓடும் நாட்களில் மேலே மோட்டார் சூட்டில் குடியிருந்து, ஓடாத நாட்களில் கும்பலாக அடித்தளத்துக்கு இறங்கிவிடுகின்றன என்று பதினோரு கட்டடங்களில் எண்ணிப் பார்த்து எழுதியிருந்தாள். இந்த விஷயத்தை முதலில் சொன்னது அவள் கணவன். கல்யாணத்துக்கு முன்பு, அவன் இந்த ஊரில் வேலை பார்த்த காலத்தில், ஒரு லிஃப்ட் குழிக்குள் அவள் கண்ணாடிக் குப்பியும் கையுமாக நின்றபோது, மேலே கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவன், "ஞாயித்துக்கிழமை வாங்க மேடம், அன்னிக்கு எல்லாம் கீழதான் இருக்கும்" என்றான். அவள் ஞாயிற்றுக்கிழமை போனாள். கரப்பான்களும் இருந்தன, அவனும் இருந்தான். அவனுக்கு அன்று லீவு என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் நேர்மையான பெண். யார் சொன்னதை எங்கே எடுத்தாலும் சொல்லிவிடுவாள். கட்டுரையின் கடைசியில் நாற்பத்தொரு மேற்கோள்கள் கொடுத்திருந்தாள். பதினேழாவது: 'நேர்ப்பேச்சு, லிஃப்ட் மெக்கானிக்.'

ஆய்விதழ் ஆசிரியரிடமிருந்து இரண்டே நாளில் பதில் வந்தது. 'கட்டுரை மிக நன்று. ஏற்றுக்கொள்ளப்பட்டது. மேற்கோள் பட்டியலை மட்டும் நம் அலுவலக முறைப்படி அமைத்துத் தரவும். சிறிய வேலை.'

அவள் கணவனுக்கு போன் செய்தாள்.

"ஏங்க, முடிஞ்சிடுச்சு! சின்ன வேலைதான் பாக்கி."

"எவ்வளவு சின்னது?"

"கமா, புள்ளி சரி பண்ணணும்."

"கமாதானே? பத்தலேன்னா சொல்லு, இங்கேருந்து ஒரு டஜன் அனுப்பறேன்."

ஆய்விதழ் அலுவலகம் நான்கு மாடிக் கட்டடம். ஆசிரியரின் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அறை என்று சொன்னால் அறைக்கு அவமானம். ஒரு மேசை மட்டும்தான். நிமிர்ந்தால் தலை படியில் இடிக்கும் என்பதால் அவர் எப்போதும் குனிந்தே இருந்தார். பணிவு என்று பலர் நினைத்துக்கொண்டார்கள்.

"கட்டுரையைப் பத்திப் பேச வந்தீங்களா?" என்று ஆவலாகக் கேட்டார்.

"இல்ல சார், மேற்கோள் பட்டியல்..."

"ஓ. அப்போ மாடிக்குப் போங்க."

"எந்த மாடி சார்?"

"எல்லா மாடியும் அதுதான்."

முதல் மாடியில் அவளுக்கு வழிகாட்டி நூல் கொடுத்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதன் மேற்கோள் பட்டியல் தனியாக இரண்டு தொகுதி. வருடத்துக்கு இரண்டு முறை திருத்திய பதிப்பு வரும் என்றும், அவள் கையில் இருப்பது இன்று மாலை ஐந்து மணி வரை செல்லும் என்றும் சொன்னார்கள்.

முதல் மேசை கமா மேசை. அங்கே ஓர் அம்மாள் கழுத்தில் பூதக்கண்ணாடியைத் தாலிக்கொடி மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டியலை வாங்கி முதல் வரியைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏம்மா, இந்தக் கமா எதைப் பாத்துட்டு நிக்குது?"

"கமாவா மேடம்? அது... சும்மா நிக்குது."

"எங்க ஆபீஸ்ல எதுவும் சும்மா நிக்காது. கமான்னா பேரைப் பாத்து நிக்கணும். உன்னோடது வருஷத்தைப் பாத்துட்டு நிக்குது. வாலைப் பாரு, எந்தப் பக்கம் திருப்பி வெச்சிருக்கே!"

பூச்சி பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். எல்லாக் கமாவும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஆனால் பத்து நிமிடம் பார்த்த பிறகு ஒன்றிரண்டு கொஞ்சம் திமிராகத் திரும்பி நிற்பது போலத்தான் பட்டது. நூற்றறுபத்தேழு கமாக்களையும் நீக்கி மறுபடி போட்டாள். நான்கு நாள் ஆயிற்று.

அடுத்தது இனிஷியல் மேசை. அங்கே இருந்தவர் ஒன்பதாம் எண்ணில் விரலை வைத்தார்.

"இவருக்கு இனிஷியல் ஒண்ணா, ரெண்டா?"

"புத்தகத்துல ஒண்ணுதான் சார் போட்டிருக்கு."

"புத்தகம் ஆயிரம் சொல்லும். அவர்கிட்டயே எழுதி வாங்கிட்டு வந்துடு."

"அவர் செத்துப்போய்த் தொண்ணூறு வருஷம் ஆச்சு சார்."

அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "இதான் பிரச்சினை. எழுதறப்போ எழுதிடறாங்க, அப்புறம் கேட்டா ஆளைக் காணோம். சரி, ஒரு நினைவூட்டல் கடிதம் போடு. பத்து நாள்ல பதில் வரலேன்னா இன்னொண்ணு. அதுக்கும் வரலேன்னா அவருக்கு ஆட்சேபணை இல்லேன்னு எடுத்துக்குவோம்."

"எந்த விலாசத்துக்கு சார் போடறது?"

"அதை எங்கிட்ட கேட்டா? உனக்குத்தானே அவர் வேண்டியவர்."

பூச்சி கல்லறைத் தோட்டத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினாள். காவலாளி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான்.

ஆண்டு மேசையில் இரண்டு பேர். ஆண்டைச் சுற்றி வளைந்த அடைப்புக்குறியா, சதுர அடைப்புக்குறியா என்ற விஷயத்தில் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று பதினாலு வருடம் ஆகியிருந்தது. ஒருவர் காலையில் வருவார், மற்றவர் மதியம். பட்டியல் காலையில் வளைவாகவும் மதியம் சதுரமாகவும் போக வேண்டும். பன்னிரண்டு மணிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் இரண்டும் போட வேண்டும். கமா அம்மாளே பரவாயில்லை, அவள் ஓர் ஆள்தான் என்று பூச்சிக்குத் தோன்றியது.

இப்படி ஒன்பது மேசை தாண்டி நான்காம் மாடியில் மேற்கோள் பிரிவுத் தலைவரின் அறைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது ஏழு வாரம் கழிந்திருந்தது.

தலைவர் உருண்டையாக, சாந்தமாக இருந்தார். அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"களைச்சுப் போயிட்ட. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். நான் இந்த நாற்காலியில முப்பத்தோரு வருஷமா இருக்கேம்மா. இதுவரைக்கும் ஒரு கட்டுரையைக் கூடப் படிச்சதில்ல."

"ஒண்ணு கூடவா சார்?"

"படிச்சா பட்சபாதம் வந்துடும். அடடா, இவன் ஏதோ நோய்க்கு மருந்து கண்டுபிடிச்சிருக்கானே, ஒரு புள்ளியை விட்டுக்கொடுக்கலாமேன்னு மனசு இளகும். அப்படி ஒரு தடவை இளகினார் எனக்கு முன்னாடி இருந்தவர். இப்போ படிக்கு அடியில இருக்கார்." அவர் மேசையிலிருந்த பட்டியலைத் தடவிக் கொடுத்தார். "ஒரு காலத்துல கட்டுரை மேல இருந்துச்சு, மேற்கோள் அடியில. அது ஒரு இருட்டுக் காலம். உண்மைங்கறது என்னம்மா? நேத்து சரின்னவன் இன்னிக்குத் தப்புங்கறான். ஆனா என் கமா வெச்ச இடத்துல நிக்கும். மனுஷனுக்குப் பிடிச்சு நிக்க ஏதாவது ஒண்ணு வேணாமா?"

பூச்சி தலையாட்டினாள். பிடித்து நிற்க அவளுக்கும் ஏதாவது வேண்டியிருந்தது.

தலைவரின் பேனா ஒவ்வோர் எண்ணாக இறங்கி, பதினேழில் நின்றது.

"இது என்ன? 'நேர்ப்பேச்சு, லிஃப்ட் மெக்கானிக்'. தொகுதி எண் எங்க?"

"அவர் ஆள் சார்."

"ஆளா இருந்தா தொகுதி இருக்கக் கூடாதா? வீட்டுல எத்தனையாவது பிள்ளை?"

"ரெண்டாவது."

"தொகுதி ரெண்டு." எழுதிக்கொண்டார். "பதிப்பு? சொன்னப்போ இருந்த மாதிரியே இருக்காரா, மாற்றம் ஏதாவது உண்டா?"

"கல்யாணத்துக்கு அப்புறம் மீசையை எடுத்துட்டார்."

"திருத்திய பதிப்பு. யாரு திருத்தினது?"

"நான்தான் சார்."

"உனக்கு என்ன உறவு?"

"வீட்டுக்காரர்."

"அது பட்டியல்ல வராது. வெளியீட்டாளர்?"

"மாமியார், மாமனார்."

"சரி. கடைசியாகப் பார்த்த நாள்?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அவள் யோசிக்கவில்லை. நாட்காட்டியும் பார்க்கவில்லை. "இன்னியோட நாப்பத்து மூணு நாள் ஆச்சு சார்" என்றாள்.

தலைவர் பேனாவை வைத்துவிட்டார். "முப்பது நாளுக்கு மேல பார்க்காத ஆதாரம் காலாவதிம்மா. உடனே பாத்தாகணும். வரச் சொல்லு."

உறவுக்காரர்கள் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நிலையம் விதியைக் காட்டியது. வார்டன் கோடு போட்டாள். உன் கணவனை உடனே பார் என்று அவளுக்கு உத்தரவு போட்ட முதல் அலுவலகம் இதுதான். காலில் விழுந்துவிடலாமா என்று கூட ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

அன்று மாலையே போன்.

"நான் மேற்கோளா? சும்மா பேச்சுக்குச் சொன்னது பூச்சி அது!"

"அதெல்லாம் இப்போ சொல்லாதீங்க. உங்களுக்குத் தொகுதி எண் எல்லாம் போட்டாச்சு."

"லீவுக்கு என்னன்னு எழுதறது?"

"ஆதாரம் சரிபார்ப்புன்னு எழுதுங்க."

அவன் அப்படியே எழுதிக் கொடுத்தான். சூப்பர்வைசர் போலீஸ் விவகாரம் என்று நினைத்து, ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு வாரம் லீவு கொடுத்து, தண்ணீர் பாட்டிலும் வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

மறுநாள் நான்காம் மாடியில் தலைவர் அவனை நிற்க வைத்து முன்னும் பின்னும் பார்த்தார். கமா அம்மாள் பூதக்கண்ணாடியோடு வந்து பார்த்துவிட்டு, "நேராத்தான் நிக்கறார்" என்று சான்று கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை ஒரு முறை சொல்லச் சொன்னார்கள். சொன்னான். யாரும் கரப்பான்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சொல்லும்போது எத்தனை இடத்தில் மூச்சு விட்டான் என்று மட்டும் குறித்துக்கொண்டார்கள்.

"எல்லாம் திருப்தி," என்றார் தலைவர். "நிரந்தர முகவரி?"

"கொட்டகை சார். வேலை முடிஞ்சா பிரிச்சுடுவாங்க."

"அது தற்காலிகம். மனைவி முகவரி?"

"பெண்கள் விடுதி சார். கோடு வரைக்கும்தான் நான் போகலாம்."

"அப்போ நிரந்தர முகவரி எப்போ வரும்?"

"குவார்ட்டர்ஸ் கிடைச்சா," என்றாள் பூச்சி.

"குவார்ட்டர்ஸ் எப்போ கிடைக்கும்?"

"வேலை நிரந்தரமானா."

"எப்போ நிரந்தரமாகும்?"

"கட்டுரை வெளிவந்தா சார்."

"கட்டுரை எப்போ வரும்?"

"இவருக்கு நிரந்தர முகவரி இருந்தா."

தலைவர் முகத்தில் ஒரு பரவசம் வந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாரு, எவ்வளவு அழகா ஒண்ணையொண்ணு சுட்டுது! எங்கயும் ஓட்டை இல்ல. எத்தனையோ பேராசிரியருங்க கிட்ட கூட இவ்வளவு ஒழுங்கை நான் பாத்ததில்ல."

"ஆனா சார், அப்படின்னா கட்டுரை வரவே வராதே?"

"அது வேற விஷயம்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, கமா அம்மாள் தலைவரின் காதில் ஏதோ சொன்னாள். அவர் வழிகாட்டியைப் புரட்டி முந்நூற்று எண்பத்தெட்டாம் விதியைப் படித்தார். நிரந்தர முகவரி இல்லாத அரிய ஆதாரங்களை அலுவலகத்தின் காப்பறையில் ஒப்படைக்கலாம். வாசகர்கள் பத்து மணி முதல் ஐந்து மணி வரை பார்வையிடலாம்.

"ஒப்படைக்கலாம்னா?" என்றான் கணவன்.

"மூணாம் மாடி. அலமாரி நல்ல இரும்பு. பூச்சி அரிக்காது."

கணவன் மனைவியைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எத்தனை நாள் சார்?" என்றாள்.

"கட்டுரை வர்ற வரைக்கும் வேற எங்கயும் போகக் கூடாது. அவ்வளவுதான்."

கணவன் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப் போனான். "பூச்சி, கொட்டகையில ஏழு பேருக்கு ஒரு ஃபேன். இங்க மூணு ஃபேன் ஓடுது, நான் பாத்துட்டேன். கொஞ்ச நாள்தானே? அப்புறம் நம்ம வீடு."

"வேலை?"

"லிஃப்ட் இல்லாத ஊரா? நான் பாத்துக்கறேன்."

அன்று மதியம் அவன் சட்டைப் பையில் 17 என்று எழுதிய சீட்டை ஒட்டி, மூன்று படிவங்களில் கையெழுத்து வாங்கி, பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே உட்கார வைத்தார்கள். பதினாறு, எறும்புகளைப் பற்றிய தடித்த புத்தகம். பதினெட்டு, ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். அவர் உயிரோடு இருப்பதே பூச்சிக்குத் தெரியாது. மகன்கள் வீட்டை விற்றுவிட்டதால் நிரந்தர முகவரி போய், நான்கு வருடத்துக்கு முன்பு வேறு யாருடைய கட்டுரைக்காகவோ ஒப்படைக்கப்பட்டிருந்தார்.

"வாங்க தம்பி," என்றார் அவர். "இருநூத்துப் பன்னிரண்டு கட்டுரையில என்னை மேற்கோள் காட்டியிருக்காங்க. ஒருத்தராவது வந்து பாத்திருக்கணுமே? நீங்கதான் பக்கத்துல உட்கார்ந்த முதல் ஆளு. சதுரங்கம் தெரியுமா?"

பூச்சி தினமும் மதிய இடைவேளையில் வந்தாள். வாசகர் சீட்டு மூன்று பிரதி நிரப்ப வேண்டும். 'பார்க்கும் நோக்கம்' என்ற இடத்தில் 'ஆராய்ச்சி' என்று எழுதுவாள். ஊழியர் அவனை அலமாரியிலிருந்து எடுத்து வந்து படிக்கும் மேசையில் வைப்பார். இங்கே கோடு கிடையாது. சுவரில் ஒரு பலகைதான் இருந்தது: 'ஆதாரத்தைத் தொடும் முன் கைகளைக் கழுவவும்.'

முதல் நாள் அதைப் படித்துவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருடத்தில் ஓர் அலுவலகம் எழுத்து மூலமாகக் கொடுத்த அனுமதி. பூச்சி போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஒரு வார லீவு மூன்று வாரமானதும் கம்பெனி வேறு ஆளைப் போட்டது. கொட்டகையில் அவன் பாய் இருந்த இடத்தில் இன்னொருவன் படுத்தான்.

வருடம் முடிய ஆறு நாள் இருக்கும்போது இதழ் வெளிவந்தது. மேற்கோள் பட்டியல் ஒன்பது பக்கம், பெரிய எழுத்தில். கட்டுரை எட்டாம் பக்கத்தின் அடியில் அடிக்குறிப்பாக வந்திருந்தது. ஆசிரியர் படிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, முதல் முறையாக நிமிர்ந்து, அவளிடம் மன்னிப்புக் கேட்டார். "என்னால முடிஞ்சவரைக்கும் சண்டை போட்டேம்மா. முடிவுரையை முழுசாக் காப்பாத்திட்டேன். ஒரு வாக்கியம்."

நிலையத்தின் தேர்வுக் குழுவில் ஐந்து பேர். இதழைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். இயக்குநர் விரல்விட்டு எண்ணினார். "நாப்பத்தொண்ணு. சரியா இருக்கு." அரை நிமிடத்தில் அவள் நிரந்தரமானாள். யாரோ ஒருவர் மட்டும், "எதைப் பத்திம்மா எழுதியிருக்கே?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் டீ வந்துவிட்டது.

குவார்ட்டர்ஸ் சாவியை வாங்கிக்கொண்டு பூச்சி நேராக மூன்றாம் மாடிக்கு ஓடினாள். சீட்டு நிரப்பவில்லை.

"எழுந்திருங்க, போகலாம்."

ஊழியர் குறுக்கே வந்தார். "ஏம்மா, படிக்கிறதுன்னா இங்கயே படி. வெளிய எடுத்துட்டுப் போக முடியாது."

தலைவரை வரவழைத்தார்கள். அவர் பொறுமையாக விளக்கினார். "கட்டுரை வர்ற வரைக்கும் வேற எங்கயும் போகக் கூடாதுன்னேன். வந்த பிறகு எங்கயுமே போகக் கூடாது. இப்போதானே வாசகருங்க வருவாங்க? இவர் போனா பதினேழு போச்சு. பதினேழு போனா பட்டியல் போச்சு. பட்டியல் போனா கட்டுரையைத் திரும்பப் பெறணும்."

"கட்டுரை போனா என் வேலை போயிடும் சார். வீடும் போயிடும்."

"போகும்," என்றார் தலைவர் அனுதாபத்தோடு. "எல்லாம் அவ்வளவு ஒழுங்கா கோத்திருக்கு."

பூச்சி சாவியோடு நின்றாள். வீட்டுக்குப் போனால் அவன் இருக்க மாட்டான். அவனைக் கூட்டிக்கொண்டு போனால் வீடு இருக்காது.

"நீ போ பூச்சி," என்றான் அவன் மெல்ல. "நல்லா மூணு வேளை சாப்பிடு. ஜன்னலுக்குத் துணி தைச்சுப் போடு. மத்தியானம் வந்து என்னைப் பாரு. எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. சார்கூட சதுரங்கம் ஆடிட்டு இருப்பேன்."

"ஆமா தம்பி, போகாதீங்க," என்றார் பேராசிரியர் உள்ளேயிருந்து. "இன்னும் ரெண்டு ஆட்டத்துல நான் ஜெயிச்சுடுவேன்."

பூச்சி கணவனையே பார்த்தாள். சட்டைப் பையில் சீட்டு. தோளில் தூசி. வாரம் ஒரு முறை தட்டுவார்கள் போலிருக்கிறது.

"பிளாஸ்டிக் நாற்காலியில வெச்சு மூணு வருஷம் பாத்தேன். இனிமே அலமாரியில வெச்சுப் பாக்கணுமா? உங்களோட இருக்கணும்னுதானே வீடே கேட்டேன்? வீடு போனா போகட்டும்." தலைவர் பக்கம் திரும்பினாள். "சார், மேற்கோளை நீக்கறதுக்கு என்ன ஃபாரம்?"

அப்படி ஒரு படிவம் இருக்கிறதா என்று தேடிக் கண்டுபிடிக்கவே அரைமணி ஆயிற்று. கடைசியில் பழுப்பேறிப்போன ஒற்றைத் தாள் கிடைத்தது. பூச்சி நின்றபடியே நிரப்பினாள். எண்: 17. நீக்கக் காரணம்: 'ஆதாரம் சொந்த உபயோகத்துக்குத் தேவைப்படுகிறது.'

தலைவர் மூன்று முறை படித்தார்.

"இந்தக் காரணத்துக்கு மேற்கோள் எங்க?"

"இல்ல சார்."

"இதுக்கு முன்னாடி யாராவது இப்படிச் சொல்லியிருக்காங்களா? நூல், இதழ், நேர்ப்பேச்சு... ஏதாவது?"

"யாரும் சொல்லல சார். நானே கண்டுபிடிச்சது."

"நீயேவா?"

"நானேதான்."

தலைவர் குழம்பிப்போய் வழிகாட்டியைப் பின்னாலிருந்து புரட்ட ஆரம்பித்தார். நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் புரட்டி முதல் பக்கத்துக்கு வந்தார். அதை யாரும் திறந்ததில்லை போலிருந்தது. இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கமா அம்மாள் நகத்தால் பிரித்துக் கொடுத்தாள். விதி ஒன்று: ஆசிரியரின் சொந்தக் கண்டுபிடிப்புக்கு மேற்கோள் தேவையில்லை.

அவர் அந்த வரிக்கு அடியில் விரலை ஓட்டினார். "முப்பத்தோரு வருஷத்துல இப்படி ஒருத்தரும் வரல," என்றார். பிறகு படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

"கட்டுரையை எப்போ எடுத்துடுவீங்க சார்?" என்று பூச்சி கேட்டாள். கேட்காமல் போக அவள் நேர்மை விடவில்லை.

"பதினேழை எடுத்தா பதினெட்டு பதினேழாகணும். பத்தொம்பது பதினெட்டாகணும். நாப்பத்தொண்ணு வரைக்கும் இருபத்து நாலு எண். ஒவ்வொண்ணும் ஒம்பது மேசை போகணும். ஒரு எண்ணுக்கு ஒம்பது மாசம்." தாளில் பெருக்கினார். "பதினெட்டு வருஷத்துல முடிச்சுடுவோம். அதுவரைக்கும் கட்டுரை செல்லும். வேலையைப் பாதியில நிறுத்தி எதையும் ரத்து பண்றது எங்க வழக்கமில்ல."

"அதுவரைக்கும் இவர்?"

"நீக்கத்துல இருக்கற ஆதாரம் காப்பறையில இருக்கக் கூடாதும்மா. அது கண்டிப்பான விதி. இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடணும்."

பேராசிரியர் கவலையோடு எழுந்து வந்தார். "அப்போ நான் பதினேழாயிடுவேனா? அது பதவி உயர்வா, இறக்கமா?" யாருக்கும் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை சதுரங்கப் பலகையை எடுத்துட்டு வீட்டுக்கு வந்துடுங்க சார்," என்றான் கணவன். "இரவல் சீட்டு ஏதாவது போட்டுக் கூட்டிட்டுப் போறோம்."

ஊழியர் ஒப்படைப்புப் பேரேட்டைக் கொண்டுவந்து பூச்சியின் முன் வைத்தார். வரிசை எண், பொருள், எண்ணிக்கை ஒன்று, நிலை. எல்லாம் நிரப்பியிருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"நல்லா சரிபாத்துட்டுப் போடுங்கம்மா," என்றார். "வெளிய போனதுக்கு அப்புறம் அது சரியில்ல, இது சரியில்லன்னு திருப்பிக் கொண்டாந்தா வாங்கிக்க மாட்டோம்."

பூச்சி பேனாவை மூடி வைத்தாள். போய் இரண்டு கைகளையும் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். அவன் சட்டைப் பையிலிருந்த சீட்டைப் பிய்த்து எடுத்தாள். தோளிலிருந்த தூசியைத் தட்டினாள். முகத்தை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஊழியர் கடிகாரத்தைப் பார்த்தார், கமா அம்மாள் தொண்டையைக் கனைத்தாள், தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் அவசரப்படவில்லை.